முதல் ஐந்து நிமிடம் சந்தையின் கையில்!

செஞ்சி வாரச்சந்தைக்கும் கடைவீதிக்கும் தீயணைப்பு ஒத்திகை ஏன் தேவை?

வெள்ளிக்கிழமை என்றால் செஞ்சி விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆடுகளை ஏற்றிக்கொண்டு மினி லாரிகளும் 'குட்டியானை'களும் வந்து சேரும். பக்ரீத், தீபாவளி, பொங்கல் நெருங்கிவிட்டால் வெளிமாவட்ட வியாபாரிகளும் குவிவார்கள். ஆட்டு விற்பனை மட்டுமே கோடிகளைத் தொட்டது என்று மறுநாள் செய்தி வரும். வெயில் ஏற ஏறத் தார்ப்பாய்கள் விரியும். ஒரு கடையின் கயிறு அடுத்த கடையின் கம்பத்தில், அந்தக் கடையின் கயிறு அதற்கடுத்த கம்பத்தில் என்று சந்தை முழுவதும் ஒரே கூரையாகிவிடும். அதன் கீழே காய்கறி, கருவாடு, துணி, பிளாஸ்டிக் குடம், பஜ்ஜிக் கடையின் எண்ணெய்ச் சட்டி, அதற்கு ஒரு கேஸ் சிலிண்டர்.

ஊரின் இன்னொரு பக்கம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்ட விவசாயிகள் நெல்லும் மல்லாட்டை எனும் நிலக்கடலையும் கொண்டுவந்து இறக்கும் இடம். அறுவடைக் காலத்தில் ஆயிரக்கணக்கான மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். கொட்டகையில் இடம் போதாமல் வெளியிலும் நிற்கும். விலை படியும்வரை மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்து இரவைக் கழிக்கும் விவசாயிகள் உண்டு. காய்ந்த சாக்கு, காய்ந்த உமி, ஒரு பீடி நெருப்பு. இவை மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இங்கே ஒரு தீப்பொறி விழுந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் யார், என்ன செய்வார்கள்? செஞ்சியில் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது. தமிழ்நாட்டின் எந்தச் சந்தையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "தீயணைப்பு வண்டி வரும்." வண்டி வரும். ஆனால் அது வந்து சேரும்வரை உள்ள நேரம் சந்தைக்காரர்களுடையது. அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒத்திகை ஒன்றுதான் கற்றுத்தரும்.

பார்ப்பது வேறு, செய்வது வேறு

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. பஞ்சு மூட்டைகளும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுவதும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது.

அந்த வாரத்தில் பேருந்து நிலையத்திலோ, பள்ளி மைதானத்திலோ, சந்தை வாசலிலோ தீயணைப்பு வீரர்கள் செயல்விளக்கம் நடத்துவார்கள். தகரப் பீப்பாயில் எண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பார்கள். எரியும் சிலிண்டர் மீது ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டுவார்கள். கூட்டம் சுற்றி நின்று பார்க்கும், செல்போனில் படம் எடுக்கும், கைதட்டும், கலைந்துபோகும்.

இது நல்ல காரியம். ஆனால் இதில் தீயை அணைத்தவர் ஏற்கெனவே அணைக்கத் தெரிந்தவர். சுற்றி நின்ற கருவாட்டுக்கடைக்காரரும், துணிக்கடைப் பையனும், மூட்டை தூக்குபவரும் ஒருமுறைகூடக் கருவியைத் தொடவில்லை. நாளை அவர்கள் கடையில் தீப்பிடிக்கும்போது அந்த வீரர் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. நீச்சலைக் கரையில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. சந்தைக்குத் தேவை வியாபாரிகளே ஓடி, அவர்களே மெயின் சுவிட்சை அணைத்து, அவர்களே கருவியைப் பிடித்து, அவர்களே வழிவிட்டுப் பழகும் ஒத்திகை.

எரிந்த சந்தைகள் சொல்வது

சென்னை மூர் மார்க்கெட்டை இன்றும் பெருமூச்சோடு நினைவுகூர்பவர்கள் இருக்கிறார்கள். பழைய புத்தகம் முதல் கிராமபோன் தட்டு வரை கிடைத்த அந்தச் செங்கல் கட்டடம் 1985 மே 30 அன்று தீக்கிரையானது. வியாபாரிகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். சந்தை திரும்பவில்லை; அந்த இடத்தில் இன்று நிற்பது புறநகர் ரயில் நிலையம்.

2008 செப்டம்பர் 1 அன்று தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பலமாடிக் கடை ஒன்றில் தீப்பிடித்து ஊழியர்கள் இருவர் இறந்தனர். 2017 மே 31 அதிகாலையில் அதே தியாகராய நகரில் தீப்பிடித்த இன்னொரு பெரிய ஜவுளிக்கடை ஒரு நாளுக்கு மேல் எரிந்து, பாதி இடிந்து, பிறகு முழுவதுமாக இடித்துத் தள்ளப்பட்டது. 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கடைகள் அடைக்கப்பட்ட பிறகு பிடித்த தீ, வீரவசந்தராயர் மண்டபத்தையே சிதைத்தது.

இந்த வரிசையில் ஒரு பொது அம்சம் உண்டு. பெரும்பாலானவை ஆள் இல்லாத நேரத்தில் பிடித்த தீ. ஷட்டர் இறக்கப்பட்டிருக்கிறது, சாவி முதலாளி வீட்டில், மெயின் சுவிட்ச் எங்கே என்பது பகல்நேர ஆட்களுக்குத்தான் தெரியும், விழித்திருப்பது காவலாளி ஒருவர் மட்டும். ஆகவே பகல் பதினோரு மணிக்கு ஒத்திகை நடத்தி முடித்துக்கொண்டால் பாதிச் சந்தைக்குத்தான் பாதுகாப்பு. எட்டு ஆண்டுக்கால முகலாய முற்றுகைக்கு ஈடுகொடுத்த செஞ்சிக் கோட்டை, 1750-ல் பிரெஞ்சுப் படையிடம் ஒரே இரவில் விழுந்தது. இரவுக் காவல் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த ஊருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

கடை திறந்திருந்த நேரத்தில் பிடித்த தீக்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021 அக்டோபர் 26 மாலை. தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தன. கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை ஒன்று தீப்பிடித்தது. பக்கத்து பேக்கரியில் இருந்த கேஸ் சிலிண்டர்களும் வெடித்தன. ஐந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பட்டாசுக் கடைக்குப் பட்டாசு ஆபத்து என்று தெரியும். பேக்கரிக்கு சிலிண்டர் ஆபத்து என்று தெரியும். இரண்டும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து யோசிக்க வைப்பது எது? இரண்டு கடைக்காரர்களையும் ஒன்றாக நிற்கவைத்து நடத்தும் ஒத்திகைதான்.

2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கு இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். எதிரெதிராக அமையக் கூடாது. ஓரிடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் இடைவெளியை அளக்கும். தீப்பிடித்த நொடியில் மனிதர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அளக்காது.

பக்கத்திலேயே நிலையம் இருந்தும்...

செஞ்சியிலேயே தீயணைப்பு நிலையம் இருக்கிறது. அதனால் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் டாக்காவைப் பார்க்க வேண்டும். வங்கதேசத் தலைநகரின் பெரிய மலிவுவிலைத் துணிச் சந்தை பங்கபஜார். வங்கதேசத் தீயணைப்புத் துறையின் தலைமையகமே அதற்குப் பக்கத்தில்தான். 2023 ஏப்ரல் 4, ரம்ஜான் மாதம், காலை ஆறு மணியளவில் தீப்பிடித்தது. வண்டிகள் சில நிமிடங்களில் வந்துவிட்டன. மேலும் மேலும் வண்டிகள் வந்தன. ஆனாலும் தீயைக் கட்டுக்குள் கொண்டுவர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஈகைப் பெருநாளுக்காகக் கடன் வாங்கிச் சரக்கு நிரப்பிவைத்திருந்த ஆயிரக்கணக்கான கடைகள் சாம்பலாயின. அந்தச் சந்தை ஆபத்தானது என்று 2019-லேயே தீயணைப்புத் துறை அறிவித்து, எச்சரிக்கைப் பதாகையும் கட்டியிருந்தது. அடுத்த கட்டடத்தில் வண்டி நின்றும் சந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

செஞ்சிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளூர் வண்டியில் உள்ள தண்ணீர் தீர்ந்தால், அடுத்த வண்டி வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். திண்டிவனம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர்; விழுப்புரமும் திருவண்ணாமலையும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வழக்கமான தீயணைப்பு வண்டி ஒன்று கொண்டுவருவது சுமார் 4,500 லிட்டர் தண்ணீர். முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடங்களுக்குத்தான் வரும். மறுபடி தண்ணீர் நிரப்ப அருகில் எந்தத் தொட்டி, எந்த மோட்டார், அதற்கு யாரிடம் சாவி? ஒத்திகை நடந்திருந்தால் இந்தக் கேள்விக்குத் தீப்பிடித்த அன்று பதில் தேட வேண்டியிருக்காது.

கல்லாப்பெட்டியும் கதவும்

தீப்பிடித்தால் மனிதர்கள் உடனே ஓடிவிடுவார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் அப்படி நடப்பதில்லை. 1979 மே 8 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உள்ள வூல்வொர்த்ஸ் கடையில், இரண்டாம் மாடியில் மெத்தை நாற்காலிகள் தீப்பிடித்தன. பத்துப் பேர் இறந்தார்கள். அதே மாடியில் இருந்த உணவகத்தில் சிலர் சாப்பாட்டை விட்டு எழத் தயங்கினார்கள் என்று பிறகு தெரிந்தது. வந்த வேலை முடியாமல் எழுந்துபோக மனம் வராது. சந்தையிலும் அதுதான் நடக்கும். பேரம் படிந்துவிட்டது, பணம் இன்னும் கைமாறவில்லை. யார் முதலில் கையை விடுவார்?

இதைவிடக் கொடுமை 2004 ஆகஸ்ட் 1 அன்று பராகுவே நாட்டின் தலைநகர் அசுன்சியோனில் நடந்தது. இகுவா போலான்யோஸ் பேரங்காடியில் தீப்பிடித்தபோது, பணம் கொடுக்காமல் யாரும் பொருளோடு வெளியேறிவிடக் கூடாது என்று கதவுகள் மூடப்பட்டதாக உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். 300-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடை முதலாளியும் அவர் மகனும் காவலாளியும் சிறைத் தண்டனை பெற்றார்கள். அந்தத் தீவிபத்துக்குப் பதினாறு நாட்கள் முன்பு, ஜூலை 16 அன்றுதான் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீ 94 குழந்தைகளைப் பறித்திருந்தது.

கும்பகோணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அது சரியான முடிவு. ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நாம் கூரையை மாற்றுகிறோம், கடையை மாற்றுகிறோம், பழக்கத்தை மாற்றுவதில்லை. கல்லாப்பெட்டியை விட்டுவிட்டு எழுந்துவர வேண்டும், கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது பதற்றத்தில் தோன்றும் யோசனை அல்ல. பழகிய கைக்கும் காலுக்கும்தான் அது வரும்.

பழக்கம் உயிர் காத்ததற்கும் சாட்சி இருக்கிறது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் இருந்த மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ரிக் ரெஸ்கோர்லா. 1993-ல் அங்கே குண்டு வெடித்த பிறகு, உயர் அதிகாரிகள் முதல் கடைநிலை ஊழியர்கள் வரை எல்லோரையும் அடிக்கடி மாடிப்படியில் இறங்கவைத்து ஒத்திகை நடத்தினார். வேலை கெடுகிறது என்ற முணுமுணுப்பை அவர் பொருட்படுத்தவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று வடக்குக் கோபுரம் தாக்கப்பட்டதும், இருக்கையிலேயே இருங்கள் என்ற அறிவிப்பை மீறித் தம் ஆட்களை இறக்கினார். ஏறத்தாழ 2,700 பேரில் மிகப் பெரும்பாலானோர் உயிரோடு வீடு திரும்பினார்கள். கடைசி ஆளையும் தேடி மேலே போன ரெஸ்கோர்லா திரும்பவில்லை.

செஞ்சியில் ஒத்திகை எப்படி இருக்க வேண்டும்?

முதலில், ஒத்திகை சந்தை நாளில் நடக்க வேண்டும். காலியான மைதானத்தில் நடத்தினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தார்ப்பாய் கட்டியிருக்கும்போது, ஆடு கட்டியிருக்கும்போது, வழியில் வண்டிகள் நிற்கும்போது நடத்தினால்தான் குறை தெரியும். வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம். பதினைந்து நிமிடம் போதும்.

முதல் வேலை, தீயணைப்பு வண்டியை உண்மையாகவே சந்தைக்குள் ஓட்டிப் பார்ப்பது. கூட்டுரோட்டிலிருந்து புறப்பட்டு எந்த வளைவில் நிற்கிறது, எந்தத் தார்ப்பாய்க் கயிறு மேலே மாட்டுகிறது, யாருடைய மினி லாரி வழியை அடைக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வழியில் மஞ்சள் கோடு போட வேண்டும். கோட்டுக்குள் கூடைகூட வைக்கக் கூடாது என்பதைக் கடைக்காரர்களே கண்காணிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒலி. ஒரு மணி, அல்லது ஒலிபெருக்கியில் ஒரே ஒரு அறிவிப்பு. அது கேட்டதும் யார் என்ன செய்ய வேண்டும் என்பது பெயர் சொல்லிப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் மின்சாரத்தை நிறுத்துவார். ஒருவர் 101-க்கோ 112-க்கோ அழைப்பார். என்ன எரிகிறது, எந்த இடம், எந்த வழியாக வண்டி வர வேண்டும், உள்ளே ஆள் சிக்கியிருக்கிறார்களா என்ற நான்கையும் சொல்வார்; மறுமுனையில் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்க மாட்டார். எல்லோரும் அழைப்பார்கள் என்று எல்லோரும் நினைத்து, யாருமே அழைக்காமல் போவதுதான் கூட்டத்தின் இயல்பு.

மூன்றாவது, கருவி. அநேகக் கடைகளில் சிவப்பு சிலிண்டர் ஒன்று சுவரில் தொங்குகிறது. அதன் முன்னால் சரக்கு அடுக்கப்பட்டிருக்கிறது. ஒத்திகையில் ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒருவராவது அதைக் கையில் எடுத்து இயக்க வேண்டும். முள் பச்சையில் நிற்கிறதா என்று பார், பின்னை இழு, காற்றுக்கு முதுகு காட்டி நில், குழாய் முனையைத் தீயின் அடிப்பகுதிக்குக் குறிவை, கைப்பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு. ஆறு கிலோ பவுடர் இருபது நொடிக்குள் தீர்ந்துவிடும். சுவாலையின் உச்சியைப் பார்த்து அடித்தால் அந்த நொடிகள் வீணாகும். இதைப் படித்தால் புரியும். ஒருமுறை கையால் செய்தால்தான் நடுக்கம் போகும். தீ தலை உயரத்தைத் தாண்டிவிட்டால் கருவியைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்பதையும் அதே இடத்தில் கற்றுத்தர வேண்டும்.

பஜ்ஜிக் கடைக்காரருக்குத் தனிப் பயிற்சி தேவை. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ எகிறித் தார்ப்பாயைப் பிடிக்கும். அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூட வேண்டும். ரெகுலேட்டரில் தீ வந்தால் நனைந்த சாக்கைப் போர்த்தி வால்வை மூட வேண்டும். சாக்குக்குப் பஞ்சமில்லாத ஊர் செஞ்சி. கடைக்கு ஒன்றை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் போதும்.

நான்காவது, மூட்டை தூக்கும் தொழிலாளர்கள். நெல் மூட்டை அடுக்கில் பிடிக்கும் தீ வெளியே கொஞ்சமாகத் தெரியும். உள்ளே புகைந்துகொண்டே போகும். மேலே தண்ணீர் ஊற்றினால் அணைந்தது போலிருந்து சில மணி நேரத்தில் மறுபடி கிளம்பும். அடுக்கைப் பிரித்தால்தான் தீர்வு. எந்த மூட்டையை எடுத்தால் எந்தப் பக்கம் சரியும் என்பது அதிகாரிக்குத் தெரியாது, தொழிலாளிக்குத் தெரியும். விற்பனைக் கூடத்தின் முதல் தீயணைப்புப் படை அவர்கள்தான். ஒத்திகைக் குழுவில் அவர்களுக்கு முதலிடமும், அந்த நேரத்துக்குரிய கூலியும் கிடைக்க வேண்டும்.

ஐந்தாவது, ஆட்கள். தரையில் கடை விரித்திருக்கும் பாட்டிகள், குழந்தையோடு வந்த தாய்மார்கள், கட்டிய கயிற்றில் மிரளும் ஆடுகள். யாரை யார் கூட்டிப்போவது, காற்று வீசும் திசைக்கு எதிரில் எந்தத் திறந்தவெளியில் கூடுவது என்பது முடிவாகியிருக்க வேண்டும். ஆட்டின் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும்படி இருக்க வேண்டும். கல்லாப்பெட்டிக்காக யாரும் திரும்பி ஓடக் கூடாது.

ஆறாவது, இரவு ஒத்திகை. ஆண்டுக்கு ஒருமுறையாவது, கடை அடைத்த பிறகு காவலாளியை மட்டும் வைத்து நடத்திப் பார்க்க வேண்டும். அவர் எத்தனை நிமிடத்தில் அழைத்தார், எத்தனை நிமிடத்தில் மின்சாரத்தை நிறுத்தினார், எந்தப் பூட்டில் தடுமாறினார் என்பதைக் குறிக்க வேண்டும்.

கடைசியாக, ஒத்திகை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து பேச வேண்டும். யார் தாமதித்தார் என்று திட்டுவதற்காக அல்ல, எது தாமதப்படுத்தியது என்று கண்டுபிடிப்பதற்காக. கண்ட குறைகளைச் சரிசெய்யாமல் அடுத்த ஒத்திகை நடத்திப் பயனில்லை.

யார் பொறுப்பு?

தேசியக் கட்டடச் சட்டத் தொகுப்பு 2016, உயரமான கட்டடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தீ ஒத்திகை நடத்தச் சொல்கிறது. திறந்தவெளி வாரச்சந்தை எந்த மாடிக்கணக்கிலும் வராது. ஆனால் அங்கே கூடும் கூட்டம் பலமாடிக் கட்டடத்தின் கூட்டத்துக்குக் குறைந்ததல்ல.

இதைச் சரிசெய்யப் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் வாரச்சந்தையின் கட்டண வசூல் ஏலத்தில் விடப்படுகிறது. அந்த ஏல நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்: ஆண்டுக்கு மூன்று ஒத்திகை; வழி மறித்தால் அபராதம்; கருவிகளைப் பராமரிப்பது குத்தகைதாரர் பொறுப்பு. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுக்களில் வியாபாரிகளுக்கு இடம் தந்திருக்கிறது. அந்தக் குழு ஒத்திகைத் தேதியை முடிவு செய்யலாம். விற்பனைக் கூடத்தை நடத்தும் விற்பனைக் குழு, சம்பா நெல் வரத்து தொடங்குமுன் தன் வளாகத்தில் ஒன்று நடத்தலாம். தீபாவளிக்கு முன் கடைவீதியில் ஒன்று. தீத்தொண்டு வாரத்தில் சந்தையில் ஒன்று. செலவு மிகக் குறைவு. வேண்டியது வியாபாரிகள் சங்கம், பேரூராட்சி, தீயணைப்புத் துறை, மின்வாரியம், காவல்துறை ஐந்தும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்பது.

2025 ஜூலையில், மராத்திய ராணுவ நிலவமைப்புகளில் ஒன்றாக செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. பட்டியலில் உள்ள பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். வெளியூர்க் கூட்டம் இனி கூடும், கடைகளும் கூடும். கோட்டைக்குள் போகிறவர்கள் தடித்த சுவர் கொண்ட களஞ்சியங்களையும், பாறைகளுக்கிடையே வெட்டிய குளங்களையும் பார்ப்பார்கள். தானியத்தை எப்படிப் பாதுகாப்பது, தண்ணீரை எங்கே வைத்திருப்பது என்று முன்கூட்டியே யோசித்தவர்கள் ஆண்ட ஊர் இது.

செஞ்சி வியாபாரிகளுக்கும், இதைப் படிக்கும் ஒவ்வொரு ஊர்ச் சந்தைக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். ஒத்திகைக்காகப் பதினைந்து நிமிடம் கடையை நிறுத்தினால் அந்தப் பதினைந்து நிமிட வியாபாரம் போகும். நிறுத்தாமல் விட்டால் ஒருநாள் கடையே போகலாம், ஆளும் போகலாம். அதிகாரிகள் வந்து சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தேதி குறியுங்கள். ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு நீங்களே நேரில் போய் அழையுங்கள். இந்த வாரமே உங்கள் கடையின் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கடைப் பையனுக்கும் இரவுக் காவலாளிக்கும் காட்டிக்கொடுங்கள். தொடங்க அது போதும்.